சிறுநீர்ப்பைப் புற்றுநோய் திரும்பி வருவதைக் கண்டறிதலும் தடுத்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுநீர்ப்பையிலிருந்து கட்டி அகற்றப்பட்டவர்களும் அவர்களுக்குத் துணையாக மருத்துவமனைக்குச் செல்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, மருத்துவ ஆய்வுகள் இதுவரை நிறுவியிருக்கும் விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு பரிசோதனையையோ மருந்தையோ எடைபோடும்போது, அது எத்தனை கட்டிகளைக் காட்டிக்கொடுத்தது என்பதைவிட, அதனால் எத்தனை பேருக்கு நோய் திரும்பாமல் இருந்தது என்பதையே அளவுகோலாக வைத்திருக்கிறேன். இவை பொதுவான விளக்கங்கள். உங்கள் நோயின் நிலைக்கேற்ற முடிவை உங்களைப் பரிசோதிக்கும் சிறுநீரியல் மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

கட்டியை முழுவதுமாக எடுத்துவிட்டோம் என்று மருத்துவர் சொன்ன பிறகும் நோய் ஏன் திரும்பி வருகிறது?

புதிதாகக் கண்டறியப்படும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, பையின் தசைச் சுவரை இன்னும் எட்டாதவை. வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர் வெளியேறும் வழியாகவே கருவியைச் செலுத்தி அவற்றை வெட்டி எடுத்துவிடலாம். ஆனாலும் அவை திரும்பி வருவதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அறுவையின்போது கண்ணுக்குத் தப்பிய சிறு கட்டியோ, வெட்டிய இடத்தின் அடியில் தங்கிவிட்ட எச்சமோ மறுபடி வளர்வது. இரண்டாவது, வெட்டும்போது உதிர்ந்த செல்கள் பைக்குள் நிறைந்திருக்கும் நீரில் மிதந்து, வேறொரு புண்பட்ட இடத்தில் ஒட்டி முளைப்பது. மூன்றாவது, பல ஆண்டுகளாக நச்சு கலந்த சிறுநீரில் ஊறிய உட்படலம் முழுவதுமே பழுதடைந்திருப்பதால், முற்றிலும் புதிய இடத்தில் புதிய கட்டி தோன்றுவது.

இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் ஆய்வுகள் அனைத்தும் தெளிவாகும். மறு அறுவையும் நீல ஒளிப் பரிசோதனையும் முதல் வழியை அடைக்க வந்தவை; அறுவை முடிந்த கையோடு செலுத்தும் மருந்து இரண்டாவது வழியை அடைப்பதற்கானது; பைக்குள் செலுத்தப்படும் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியும் புகையிலையை விடுவதும் மூன்றாவது வழிக்கானவை.

எனக்குத் திரும்பி வருமா என்பதை முன்கூட்டியே கணிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு மற்றும் சிகிச்சை அமைப்பு, 7 ஆய்வுகளில் பங்கேற்ற 2,596 நோயாளிகளின் தரவுகளைக் கொண்டு 2006இல் ஒரு கணிப்பு அட்டவணையை வெளியிட்டது. கட்டிகளின் எண்ணிக்கை, 3 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அளவு, முன்பு எவ்வளவு விரைவில் திரும்பியது, எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, தட்டையாகப் படரும் கார்சினோமா இன் சிட்டு உடன் இருக்கிறதா, செல்களின் வீரியம் எவ்வளவு என்ற ஆறும் அதில் மதிப்பெண்களாகக் கூட்டப்படுகின்றன. அதன்படி, ஓராண்டுக்குள் நோய் திரும்பும் வாய்ப்பு 15 முதல் 61 சதவீதம் வரையிலும், ஐந்தாண்டுகளுக்குள் 31 முதல் 78 சதவீதம் வரையிலும் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

இந்த எண்களைப் பார்த்து அஞ்சிவிடுவதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அந்த ஆய்வுகள் நடந்த காலத்தில் மறு அறுவை வழக்கத்தில் இல்லை. தொடர் பிசிஜி சிகிச்சை பெற்றவர்களும் மிகக் குறைவு. ஆகவே இன்றைய முறைப்படி சிகிச்சை பெறுபவர்களுக்கு அட்டவணை காட்டும் ஆபத்து சற்று மிகையானது. இன்னொன்று, திரும்பி வருவது வேறு, தசைக்குள் இறங்கி முற்றுவது வேறு. வீரியம் குறைந்த, மேலோட்டமான கட்டி பலமுறை திரும்பினாலும் முற்றுவது அரிது. அதே அட்டவணையில் அத்தகையவர்களுக்கு ஐந்தாண்டுகளில் நோய் முற்றும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு. மிகுந்த ஆபத்துள்ள பிரிவினருக்கோ அது 45 சதவீதம். உங்கள் மருத்துவரிடம் "திரும்புமா?" என்று மட்டும் கேட்காமல், "முற்றுமா?" என்றும் தனியாகக் கேளுங்கள்.

சில வாரங்களிலேயே மறுபடியும் அறுவை வேண்டும் என்கிறார்கள். முதல் அறுவை சரியாகச் செய்யப்படவில்லையா?

பெரும்பாலும் அப்படியில்லை. கட்டி உட்படலத்தைத் தாண்டி அதன் அடியிலுள்ள இணைப்புத் திசுவை எட்டியிருந்தால், அதாவது அறிக்கையில் டி1 என்று குறிக்கப்பட்டிருந்தால், இரண்டாம் முறை அதே இடத்தைச் சுரண்டிப் பார்க்கும்போது மூன்றில் ஒருவர் முதல் இருவரில் ஒருவர் வரை எச்சம் கிடைக்கிறது. சிலருக்கு நோய் ஏற்கெனவே தசைக்குள் இறங்கியிருப்பதே அப்போதுதான் தெரியவருகிறது. இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள் இதைச் செய்யுமாறு வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன.

பயாப்சி அறிக்கையைக் கையில் வாங்கியதும் ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்: வெட்டியெடுத்த துண்டில் தசை இருந்ததா, இல்லையா? தசையே இல்லாத துண்டை வைத்துக்கொண்டு நோய் தசையைத் தொடவில்லை என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வீரியம் மிக்க கட்டி என்று அறிக்கை சொல்லி, தசை இல்லை என்றும் சொன்னால், மறு அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள்.

சிஸ்டோஸ்கோபியை எத்தனை காலத்துக்குச் செய்துகொண்டே இருக்க வேண்டும்?

சிஸ்டோஸ்கோபி என்பது சிறுநீர்ப் பாதை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திப் பைக்குள் பார்க்கும் பரிசோதனை. முதல் பரிசோதனை எல்லோருக்கும் மூன்றாவது மாதத்தில். அப்போது பை சுத்தமாக இருக்கிறதா என்பதே பின்னால் வரப்போவதைக் கணிக்கும் வலுவான அறிகுறி என்பதால், இந்த ஒன்றைத் தவறவிடவே கூடாது. அதன் பிறகு, ஆபத்து குறைந்தவர்களுக்கு ஒன்பது மாதம் கழித்து ஒருமுறையும், பின்னர் ஐந்தாண்டு நிறையும்வரை ஆண்டுக்கு ஒருமுறையும் போதுமென்று ஐரோப்பிய சிறுநீரியல் சங்கம் கூறுகிறது. ஆபத்து மிகுந்தவர்களுக்கு முதல் இரண்டாண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஐந்தாம் ஆண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வாழ்நாள் முழுவதும் ஆண்டுக்கு ஒருமுறை. சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்களிலும் இதே வகைக் கட்டி தோன்றக்கூடும் என்பதால், இவர்களுக்கு அவ்வப்போது சிடி ஸ்கேனும் தேவைப்படும்.

இந்தப் பரிசோதனையைப் பற்றிய அச்சத்தாலேயே பலர் வராமல் நின்றுவிடுகிறார்கள் என்பதால், அங்கே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைச் சிறுநீர்ப் பாதையில் செலுத்திச் சில நிமிடங்கள் காத்திருப்பார்கள். பிறகு, வளையும் தன்மையுள்ள மெல்லிய குழாய் உள்ளே செல்லும். பையை விரிப்பதற்காக நீர் ஏற்றப்படும்போது, உடனே சிறுநீர் கழிக்க வேண்டும் என்ற உணர்வு வரும், அது இயல்பானதே. ஆண்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பியைக் கடக்கும் சில நொடிகளே கடினமானவை. அப்போது கால் விரல்களை அசைத்துக்கொண்டு, சிறுநீர் கழிக்க முயல்வதுபோல் உடலைத் தளர்த்தினால் குழாய் எளிதாகக் கடந்துவிடும். திரையில் வெளிர் இளஞ்சிவப்புச் சுவரும் அதில் ஓடும் மெல்லிய ரத்த நாளங்களும் தெரியும். கட்டி இருந்தால் அது நீருக்கடியில் அசையும் பாசிபோலத் தெரியும். ஐந்து நிமிடத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். ஓரிரு நாள் எரிச்சலும் சிறுநீரில் லேசான சிவப்பும் இருக்கலாம். காய்ச்சலோ ரத்தக் கட்டிகளோ வந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நீல ஒளிச் சிஸ்டோஸ்கோபி சாதாரணமானதைவிட மேலானதா?

பரிசோதனைக்கு முன் பைக்குள் செலுத்தப்படும் ஒரு மருந்தைப் புற்றுச் செல்கள் அதிகமாக உறிஞ்சிக்கொள்வதால், நீல ஒளியில் அவை சிவப்பாக ஒளிர்கின்றன. வெண்ணொளியில் தென்படாத சிறு கட்டிகளும், குறிப்பாகத் தட்டையான கார்சினோமா இன் சிட்டும், இதில் கூடுதலாகப் புலப்படுகின்றன என்பதில் ஐயமில்லை.

கூடுதலாகக் கண்டறிந்ததால் நோய் திரும்புவது குறைந்ததா என்பதே உண்மையான கேள்வி. பிரிட்டனில் 538 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து நடத்தப்பட்டு 2022இல் வெளியான 'போட்டோ' ஆய்வில், மூன்றாண்டுகள் நோயின்றி இருந்தவர்கள் நீல ஒளிப் பிரிவில் 57.8 சதவீதம், வெண்ணொளிப் பிரிவில் 61.6 சதவீதம். அதாவது, நீல ஒளியால் பயன் கிடைத்ததாகக் காட்ட முடியவில்லை. இதற்கு முந்தைய சிறு ஆய்வுகள் பலவும் பயன் உண்டு என்றே கூறியிருந்தாலும், இந்த ஆய்வு அதை உறுதிசெய்யவில்லை. ஆகையால், உங்கள் மருத்துவமனையில் இந்த வசதி இல்லையென்பதற்காகக் கலங்க வேண்டியதில்லை. கவனமாகவும் முழுமையாகவும் வெட்டும் கை அதைவிட முக்கியம். சிறுநீரில் புற்றுச் செல்கள் தென்பட்டும் வெண்ணொளியில் எதுவும் அகப்படாத நிலையில் மட்டும் நீல ஒளிக்குத் தனி மதிப்பு இருக்கிறது என்று கருதுகிறேன்.

சிறுநீர்ப் பரிசோதனையைக் கொண்டே கண்டுபிடித்துவிட முடியாதா?

இந்த நம்பிக்கைக்கு வயது எண்பதாகிறது. சிறுநீரில் உதிரும் செல்களை நுண்ணோக்கியில் பார்த்து இந்நோயைக் கண்டறியலாம் என்று பாப்பனிகோலாவும் மார்ஷலும் 1945இல் எழுதினார்கள். சைட்டாலஜி எனப்படும் அந்தப் பரிசோதனை இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. வீரியம் மிக்க செல்களை அது நன்றாகவே அடையாளம் காட்டும். வீரியம் குறைந்தவை இயல்பான செல்களைப் போலவே தோன்றுவதால் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

இப்போது மூலக்கூறு அடிப்படையிலான பரிசோதனைகள் வந்திருக்கின்றன. எக்ஸ்பெர்ட் பிளேடர் ஐந்து மரபணுக்களின் ஆர்என்ஏ அளவைப் பார்க்கிறது. பிளேடர் எபிசெக் டிஎன்ஏவில் 15 இடங்களில் ஏற்படும் வேதி மாற்றங்களைப் பார்க்கிறது. யூரோவைஷன் 3, 7, 17 ஆகிய குரோமோசோம்களின் கூடுதல் பிரதிகளையும் 9ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி இழக்கப்பட்டதையும் ஒளிரும் புள்ளிகளாகக் காட்டுகிறது. புதிய பரிசோதனைகளின் வலிமை 'இல்லை' என்று சொல்வதில்தான் இருக்கிறது: அவை எதிர்மறையாக வந்தால் வீரியம் மிக்க கட்டி மறைந்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆபத்து மிகுந்தவர்களுக்கு இவற்றில் எதுவும் சிஸ்டோஸ்கோபிக்கு மாற்றாக இன்னும் ஏற்கப்படவில்லை. ஒன்றுவிட்டு ஒன்றாகவாவது சிஸ்டோஸ்கோபியைக் குறைக்க முடியுமா என்பதே டென்மார்க் உள்ளிட்ட நாடுகளில் இப்போது சோதிக்கப்படுகிறது. ஆண்டுக்கு நான்கு முறை குழாயைத் தாங்கிக்கொள்பவர்களுக்கு இரண்டாகக் குறைவதே பெரிய ஆறுதல் அல்லவா?

நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு இங்கே குறிப்பிடத்தக்கது. சிறுநீர்ப் பரிசோதனையில் நோய் இருப்பதாக வந்திருக்கிறது என்று முன்பே அறிந்திருந்த மருத்துவர்கள், அதை அறியாதவர்களைவிடச் சிஸ்டோஸ்கோபியில் அதிகக் கட்டிகளைக் கண்டுபிடித்தார்கள். கருவி ஒன்றுதான், தேடிய கண் மாறியிருந்தது. எனவே உங்கள் சிறுநீர்ப் பரிசோதனை முடிவை, குழாய் உள்ளே போவதற்கு முன்பே மருத்துவர் பார்த்துவிட்டாரா என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

அறுவை முடிந்த கையோடு பைக்குள் மருந்து செலுத்துவது எதற்காக?

உதிர்ந்து மிதக்கும் செல்கள் ஒட்டிக்கொள்வதற்கு முன்பே அவற்றை அழிப்பதற்காக. அமெரிக்காவில் 406 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், அறுவை முடிந்த மூன்று மணி நேரத்துக்குள் ஜெம்சிடபின் ஒரே ஒரு முறை செலுத்தப்பட்டவர்களில் நான்காண்டுகளில் 35 சதவீதம் பேருக்கும், வெறும் உப்புநீர் செலுத்தப்பட்டவர்களில் 47 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. மைட்டோமைசின் போன்ற மருந்துகளோடு நடந்த 13 ஆய்வுகளின் தொகுப்பும் இதே திசையையே காட்டியது: ஐந்தாண்டுகளில் 58.8 சதவீதமாக இருந்த மீள்வருகை 44.8 சதவீதமாகக் குறைந்தது. ஒற்றை முறை, ஓரிரு மணி நேரம். இவ்வளவு எளிய சிகிச்சைக்கு இது பெரிய பலன். பையில் ஓட்டை விழுந்திருந்தாலோ ரத்தப்போக்கு மிகுதியாக இருந்தாலோ மட்டும் தவிர்க்கப்பட வேண்டும். ஆபத்து மிகுந்த கட்டிகளுக்கு இது போதாது. அவர்களுக்குத் தேவை பிசிஜி.

காசநோய்த் தடுப்பூசிக்கும் சிறுநீர்ப்பைக்கும் என்ன தொடர்பு? பிசிஜி எப்படி வேலை செய்கிறது?

கனடாவின் கிங்ஸ்டன் நகரில் பணியாற்றிய ஆல்வாரோ மொராலஸும் அவருடைய குழுவினரும், வீரியம் குறைக்கப்பட்ட இந்தக் காசநோய்க் கிருமியைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தியதன் விளைவுகளை 1976இல் வெளியிட்டார்கள். அந்த முதல் ஆய்வில் இருந்தவர்கள் 9 பேர் மட்டுமே. வாரம் ஒருமுறையாக ஆறு வாரம் என்று அவர்கள் வகுத்த முறையே இன்றும் உலகெங்கும் தொடக்கச் சிகிச்சையாக இருக்கிறது. பை உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும் கிருமி உடலின் நோய் எதிர்ப்புச் செல்களை அங்கே வரவழைக்கிறது. அவை கிருமியோடு சேர்த்துப் புற்றுச் செல்களையும் தாக்குகின்றன. 1990இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதற்கு ஒப்புதல் தந்தது.

ஆறு வாரத்தோடு நிறுத்திவிட்டால் போதாது என்பதை 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வு நிறுவியது. 3, 6, 12, 18, 24, 30, 36ஆம் மாதங்களில் மும்மூன்று வாரம் தொடர்ந்து பெற்றவர்கள் நோயின்றி இருந்த இடைநிலைக் காலம் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 76.8 மாதம்; தொடக்கச் சிகிச்சையோடு நின்றவர்களுக்கு 35.7 மாதம். மொத்தம் 27 முறை செலுத்த வேண்டிய இந்தத் திட்டத்தை முழுவதுமாக முடித்தவர்கள் அந்த ஆய்விலேயே 16 சதவீதம்தான். பின்னர் 1,355 பேரிடம் நடந்த ஐரோப்பிய ஆய்வில், பக்க விளைவுகளால் நிறுத்தியவர்கள் 7.8 சதவீதம் மட்டுமே. எரிச்சலைத் தணிக்கும் மருந்தும், பயிற்சி பெற்ற செவிலியரும், இடைவெளியைச் சற்றுத் தள்ளிப்போடும் நெகிழ்வும் இருந்தால் பெரும்பாலோரால் தொடர முடியும் என்பதே இதிலிருந்து எனக்குப் புரிவது. அதே ஐரோப்பிய ஆய்வின்படி, நடுத்தர ஆபத்துள்ளவர்களுக்கு முழு அளவில் ஓராண்டும், ஆபத்து மிகுந்தவர்களுக்கு மூன்றாண்டும் பொருத்தமானவை.

முறைகளைக் குறைத்தாலும் பலன் குறையாது என்ற எண்ணத்தில் நடந்த 'நிம்பஸ்' ஆய்வு பாடம் புகட்டியது. முதல் ஆறு வாரத்தில் மூன்று வாரம் மட்டும் மருந்து பெற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கும், வழக்கம்போல் பெற்றவர்களில் 12 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியதால், புதியவர்களைச் சேர்ப்பது இடையிலேயே நிறுத்தப்பட்டது.

மருந்து செலுத்தப்பட்டதும் இரண்டு மணி நேரம் அடக்கிவைத்திருந்து, பிறகு உட்கார்ந்தபடி சிறுநீர் கழிக்க வேண்டும். அதில் உயிருள்ள கிருமி இருப்பதால், அடுத்த ஆறு மணி நேரம் ஒவ்வொரு முறையும் கழிப்பறையில் பிளீச்சிங் திரவம் ஊற்றி, கால் மணி நேரம் கழித்துத் தண்ணீர் விட வேண்டும். எரிச்சலும் லேசான காய்ச்சலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். 38.5 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால், கிருமி ரத்தத்தில் பரவியிருக்கக்கூடும் என்பதால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பிசிஜி பெற்றுவருவதை அங்கே தவறாமல் சொல்லுங்கள்.

பிசிஜிக்கும் அடங்காவிட்டால் பையை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லையா?

ஆபத்து மிகுந்த நோய் பிசிஜிக்கு அடங்காதபோது, பையை அகற்றுவதே இன்றும் மிக உறுதியான சிகிச்சை. அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்கும் அதை விரும்பாதவர்களுக்கும் இப்போது வேறு வழிகள் திறந்திருக்கின்றன. ஜனவரி 2020இல் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்தான பெம்ப்ரோலிசுமாப் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கார்சினோமா இன் சிட்டு இருந்த 96 பேரில் 41 சதவீதத்தினருக்கு நோய் முற்றிலும் மறைந்தது. 2022 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற மரபணுச் சிகிச்சையான நாடோஃபராஜீன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பைக்குள் செலுத்தப்படுவது. ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பலன் தந்தது. 2024 ஏப்ரலில் பிசிஜியோடு சேர்த்துத் தரப்படும் அங்டிவா ஒப்புதல் பெற்றது. 77 பேரில் 62 சதவீதத்தினருக்கு நோய் மறைந்தது. பைக்குள்ளேயே தங்கி ஜெம்சிடபினைச் சிறிது சிறிதாகக் கசியவிடும் டார்-200 என்ற சிறு கருவி, 2025 செப்டம்பரில் ஒப்புதல் பெற்றபோது அந்த எண் 82 சதவீதம்.

இந்தச் சதவீதங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எது சிறந்தது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இவை எல்லாமே ஒப்பீட்டுப் பிரிவு இல்லாத ஆய்வுகள். பங்கேற்றவர்களும் வெவ்வேறு நிலையினர். நோய் மறைந்தவர்களிலும் கணிசமானவர்களுக்கு ஓராண்டுக்குள் திரும்பியிருக்கிறது. இந்தச் சிகிச்சைகளில் இருக்கும்போது பரிசோதனைக்கான நாளைத் தள்ளிப்போட்டால், நோய் தசைக்குள் இறங்குவது தெரியாமல் போகும் ஆபத்து இருக்கிறது. பையைக் காப்பாற்ற எடுக்கும் முயற்சி உயிரைப் பணயம் வைப்பதாகிவிடக் கூடாது.

தொடக்கத்திலேயே பிசிஜியோடு நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் நல்லதுதானே?

2025இல் மூன்று பெரிய ஆய்வுகளின் முடிவுகள் வந்தன. சசன்லிமாப் சேர்த்த 'கிரெஸ்ட்', டர்வலுமாப் சேர்த்த 'பொட்டோமாக்' ஆகிய இரண்டிலும் நோய் திரும்புவது உள்ளிட்ட நிகழ்வுகளின் ஆபத்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அடிசோலிசுமாப் சேர்த்த 'அல்பான்' ஆய்வில் பயன் இல்லை. பயன் கிடைத்தவற்றிலும் ஆயுள் நீண்டதாக இதுவரை காட்டப்படவில்லை. கடுமையான பக்க விளைவுகளோ கூடியிருக்கின்றன. பிசிஜி மட்டுமே பெற்றவர்களில் பெரும்பாலோர் நலமாக இருக்கும் நிலையில், யாருக்கு இந்தக் கூடுதல் சுமை தகும் என்பதைத் தேர்ந்தெடுக்கும் வழி இன்னும் வகுக்கப்பட வேண்டும்.

பையையே அகற்றிய பிறகு நோய் திரும்புவதை எப்படி அறிவது?

இங்கேதான் அண்மைக் காலத்தின் பெரிய முன்னேற்றம் நிகழ்ந்திருக்கிறது. தசையை ஊடுருவிய நோய் பையை அகற்றிய பின் திரும்புமானால், பெரும்பாலும் நிணநீர் முடிச்சுகளிலோ நுரையீரல், ஈரல், எலும்பு போன்ற உறுப்புகளிலோதான் திரும்பும். ஸ்கேனில் தெரிவதற்குப் பல மாதங்கள் முன்பே, கட்டியிலிருந்து உதிரும் டிஎன்ஏ துணுக்குகள் ரத்தத்தில் மிதக்கின்றன. நோயாளியின் கட்டியில் உள்ள தனித்துவமான மரபணு மாற்றங்களை முதலில் படித்துக்கொண்டு, பிறகு அவற்றையே ரத்தத்தில் தேடுகிறார்கள்.

அறுவைக்குப் பின் எல்லோருக்கும் அடிசோலிசுமாப் தந்த முந்தைய ஆய்வு தோல்வியடைந்தது. ஆனால் சேமித்த ரத்த மாதிரிகளைப் பார்த்தபோது, டிஎன்ஏ துணுக்குகள் இருந்தவர்களுக்கு மட்டும் மருந்து உதவியிருக்கலாம் என்று தெரிந்தது. அந்தத் தடயத்தைப் பிடித்துக்கொண்டு, ரத்தத்தில் துணுக்குகள் தென்பட்டவர்களுக்கு மட்டும் மருந்தையோ போலிமருந்தையோ தரும் 'இம்விகோர்011' நடத்தப்பட்டது. 2025இல் வெளியான அதன் முடிவில், மருந்து பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 32.8 மாதம்; பெறாதவர்களுக்கு 21.1 மாதம். தொடர்ந்து துணுக்குகள் தென்படாதவர்களுக்கு மருந்தே தரப்படவில்லை. அவர்களில் 88 சதவீதம் பேர் இரண்டாண்டுகள் நோயின்றி இருந்தார்கள். கண்டறியும் பரிசோதனை ஒன்று, யாருக்கு மருந்து வேண்டும், யாருக்கு வேண்டாம் என்ற இரண்டையும் சேர்த்துச் சொன்னதோடு ஆயுளையும் நீட்டியிருக்கிறது. தொடக்கத்தில் நான் சொன்ன அளவுகோலுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை.

புகைபிடிப்பதை இப்போது விட்டு என்ன பயன்? வைட்டமின் மாத்திரைகள் உதவுமா?

புகையிலையிலுள்ள அரோமாட்டிக் அமீன்கள் ரத்தத்தில் கலந்து, சிறுநீரில் வடிந்து, பைக்குள் மணிக்கணக்கில் தேங்குகின்றன. சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு இந்நோய் வருவதை ஃபிராங்க்ஃபர்ட் நகரின் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் 1895இல் கவனித்ததும் இதே குடும்ப வேதிப்பொருட்களால்தான். இந்நோயில் ஏறத்தாழப் பாதிக்குப் புகையிலையே காரணம் என்பதை 2011இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. கட்டியை எடுத்த பிறகும் புகைப்பது, எஞ்சியிருக்கும் படலத்தை அதே நச்சில் மீண்டும் ஊறவைப்பதுதான். நோய் வந்துவிட்டதே, இனி விட்டு என்ன ஆகப்போகிறது என்று தயவுசெய்து எண்ணாதீர்கள்.

மாத்திரைகளைப் பொறுத்தவரை, பிரிட்டனில் நடந்த 'செலெனிப்' ஆய்வில் செலீனியம் பயன் தரவில்லை. வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்கோ நோய் திரும்புவது கூடியிருந்தது. வலிநிவாரணியான செலிகாக்சிப் 472 பேரிடம் சோதிக்கப்பட்டு, அதுவும் மீள்வருகையைத் தடுக்கவில்லை. நலம் கருதி யாரேனும் வைட்டமின் ஈ வாங்கித் தந்தால், அன்போடு மறுத்துவிடுங்கள்.

மருத்துவ ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். என்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

மேலே கண்ட ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் அப்படிச் சேர்ந்த பலர் இருக்கிறார்கள்; அவர்களில் சிலர் போலிமருந்தை ஏற்று, அடுத்து வருபவர்களுக்கு வழிகாட்டியவர்கள். நீங்கள் சேர்வதற்கு முன், ஒப்பீட்டுப் பிரிவில் விழுந்தால் உங்களுக்கு வழக்கமான சிகிச்சையாவது முழுமையாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். ஆய்வு எதை அளக்கிறது, கட்டியைக் கண்டுபிடிப்பதையா, திரும்பாமல் இருப்பதையா, ஆயுளையா என்று கேளுங்கள். எத்தனை கூடுதல் சிஸ்டோஸ்கோபி, எத்தனை கூடுதல் பயணம், இடையில் விலகினால் தொடர் சிகிச்சையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பவற்றையும் கேளுங்கள். இவற்றுக்கான விடைகள் ஒப்புதல் படிவத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். அங்கேயே கையெழுத்திட வேண்டிய கட்டாயமில்லை. படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று, நிதானமாகப் படித்து, மறுமுறை வரும்போது சொல்கிறேன் என்று கேட்பது உங்கள் உரிமை.